சோடா வந்த பத்து நாள்!

செமஸ்டர் முடிந்து ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணும்போது ஒரு சம்பிரதாயம் உண்டு. பக்கெட்டையும் பாயையும் கட்டிக்கொண்டே எவனாவது ஆரம்பிப்பான்... 'மச்சி, லீவுக்கு உங்க ஊருக்கு வரட்டுமா?' நாமளும் பெரிய மனசு பண்ணி, 'வாடா, நம்ம வீடுடா!' என்போம். அவனும் வரமாட்டான். நாமும் எதிர்பார்க்க மாட்டோம். மேட்டர் அதோடு ஓவர்!

ஆனா, என் ரூம் மேட் சோடா நிஜமாகவே வந்துவிட்டான்.

சோடா என்பது அவன் கண்ணாடிக்கு நாங்கள் வைத்த பெயர். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது எச்.ஓ.டி-யா, வாட்ச்மேனா என்று தெரியாது. பெரம்பூர்காரன். ரெண்டு வருஷமாக ஒரே ரூம், ஒரே சோப்பு, ஒரே அரியர். அவ்வளவு நெருக்கம். போன மே மாசம் திடீர்னு போன்... 'டிக்கெட் போட்டாச்சு மச்சி. செந்தூர் எக்ஸ்பிரஸ். பத்து நாள் உங்க ஊர்லதான்!'

பின்னாடியே அவன் அம்மா போனை வாங்கினார். 'ஏம்ப்பா, 2023 டிசம்பர் வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோச்சே... அந்த ட்ரெயின்தானே இது?' அதேதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டிய சமயம். 'அது டிசம்பர் ஆன்ட்டி. மே மாசம் எங்க ஊர்ல வேர்வை வெள்ளம் மட்டும்தான் வரும்' என்று சமாதானம் சொன்னேன்.

அவருக்குச் சொன்னேன் சரி. எனக்கு யார் சமாதானம் சொல்வது? போனை வைத்ததுமே எனக்கு வியர்க்க ஆரம்பித்துவிட்டது.

காரணம், ஒரு பொய்.

ஃபர்ஸ்ட் இயரில் சீனியர்கள் வரிசையாக நிற்கவைத்து, 'அப்பா என்ன பண்றார்?' என்று கேட்டார்கள். எனக்கு முன்னாடி நின்றவன் 'பேங்க் மேனேஜர்' என்றான். அதுக்கு முன்னாடி நின்றவன் 'டாக்டர்'. என் முறை வந்தது. 'கருப்பட்டி பிசினஸ்ணே' என்றேன். முழுப் பொய்யும் இல்லை... எங்க வீட்டில் கருப்பட்டி காய்ச்சுகிறோம், விற்கிறோம். ஆனால், 'பிசினஸ்' என்றதும் கேட்கிறவன் மனசில் ஒரு குடோனும், நாலு லாரியும் வந்து நிற்கும் இல்லையா? அது வந்து நிற்கட்டும் என்றுதான் சொன்னேன்.

என் அப்பா பனையேறி.

எங்கள் ஊர் உடன்குடிக்குப் பக்கத்தில். பங்குனியில் சூடு பிடித்தால் ஆடி வரைக்கும் பதனி சீசன். அப்பாவுக்கு முப்பது மரம். காலையில் ஒரு ஏற்றம், சாயந்தரம் ஒரு ஏற்றம். தினமும் அறுபது தடவை மேலே போய்விட்டு வருகிற மனுஷன். வருஷக்கணக்காக மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறி ஏறி, அப்பாவின் நெஞ்சிலும் கையிலும் காலிலும் தோல் கறுத்துக் காய்த்துப் போயிருக்கும். அந்தக் காய்ப்பைப் பார்த்தாலே என்ன வேலை என்று எங்க பக்கத்து ஆட்கள் சொல்லிவிடுவார்கள். காலேஜில் சேர்த்துவிட வந்த அன்றைக்கு, 'ரூமுக்குள்ள பேரன்ட்ஸ் வரக் கூடாதாம்ப்பா' என்று கேட்டிலேயே அவரைத் திருப்பி அனுப்பியவன் நான்.

சோடா வருவதற்கு முந்தின நாள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். 'எம்மா, அவன் கேட்டா அப்பா யாவாரம் பண்ணுதாவன்னு சொல்லு. காட்டுப் பக்கம்லாம் அவனைக் கூட்டிட்டுப் போகல.'

அம்மா ஒன்றும் பேசவில்லை. 'சரிய்யா' என்று மட்டும் சொன்னாள்.

நைட் கிளப் போலாமா?

அவனை வீட்டிலேயே இருக்கவிடக் கூடாது. அதுதான் என் பிளான். ட்ரெயினை விட்டு இறங்கியதுமே திருச்செந்தூர் கடலில் தள்ளினேன். அப்புறம் நாழிக்கிணறு. கூப்பிடு தூரத்தில் கடல்... கிணற்றில் நல்ல தண்ணீர். 'எப்படிடா இது?' என்று சோடா நின்றுவிட்டான். கெமிக்கல் இன்ஜினீயரிங் மூளை!

ரெண்டாவது நாள் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் குன்று, மேலே திருச்சிலுவை ஆலயம், கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542-ல் என்று நான் கைடு வேலை பார்க்க, சோடாவோ மணிரத்னத்தின் 'கடல்' படத்தை எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று கேமராவோடு அலைந்தான். வழியில் குலசேகரப்பட்டினம் வந்ததும், 'இங்கதான் இஸ்ரோ ராக்கெட் தளம் வருது, 2024-ல அடிக்கல் நாட்டினாங்க' என்று காட்டினேன். 'உங்க ஊர் கெத்துடா!' என்றான். நானும் ராக்கெட்டை நானே செய்த மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மூணாவது நாள்தான் காமெடி. 'மச்சி, இன்னிக்கு ராத்திரி தூத்துக்குடியில நைட் கிளப் போறோம்' என்றேன். பையன் முகத்தில் அப்படியொரு பல்பு! ஷூவெல்லாம் போட்டு, என் சென்ட் பாட்டிலில் பாதியை அடித்துக்கொண்டு கிளம்பினான். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். இறங்கி, தெருமுனையில் பெரிய தோசைக்கல்லில் பரோட்டா வெந்துகொண்டிருந்த கடை முன்னால் நிறுத்தினேன். 'இதான்!'

தூத்துக்குடியில் ராத்திரி பரோட்டா கடைக்குப் பேர்தான் நைட் கிளப் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது. 'டேய்...' என்று அவன் போட்ட சத்தத்தில் பரோட்டா மாஸ்டரே திரும்பிப் பார்த்தார். கோபத்தில் எட்டு பரோட்டா சாப்பிட்டான். மறக்காமல் மக்ரூன் வேறு அரைக் கிலோ வாங்கிக்கொண்டான்.

இப்படி ஜாலியாகப் போன மூன்று நாளிலும் ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா காட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. கிணற்றில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மேல் பட்டன் வரை மாட்டிக்கொண்டுதான் வாசலில் நுழைந்தார். அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டார். மே மாசப் புழுக்கம். ஃபேன் காற்றே சுடும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, 'தம்பி, சோறு வச்சுக்கிடுங்க' என்று சோடாவை உபசரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காய்ப்பு வெளியே தெரியக் கூடாது என்று!

நான் அவரிடம் சட்டை பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னதிலிருந்தே அவர் புரிந்துகொண்டார்.

காணாமல்போன சோடா

நாலாவது நாள் காலை ஏழு மணிக்குக் கண் விழித்தால்... பக்கத்துப் பாயில் ஆளைக் காணோம்.

'அந்த அண்ணன் விடியமுன்னேயே அப்பாகூட காட்டுக்குப் போயிட்டாவளே' என்றாள் தங்கச்சி, கூலாக. கொசுக்கடியில் தூக்கம் வராமல் வாசலில் உட்கார்ந்திருந்தவன், அப்பா சைக்கிளை எடுப்பதைப் பார்த்து 'நானும் வரேன் அங்கிள்' என்று தொற்றிக்கொண்டானாம்.

சைக்கிளைக் கடன் வாங்கி மிதித்தேன். செம்மண் தேரியில் சைக்கிள் ஓடாது. பாதி தூரம் தள்ளிக்கொண்டே ஓடினேன்.

பனங்காட்டில் ஒரு மரத்தடியில் சோடா அண்ணாந்து நின்றிருந்தான். உச்சியில் அப்பா. வெறும் உடம்பு, இடுப்பில் அருவாப்பெட்டி, காலில் தளைநார். பாளையைச் சீவி, கலயத்தில் வடிந்திருந்த பதனியை எடுத்துக்கொண்டு சரசரவென்று இறங்கினார். என்னைப் பார்த்ததும் அவர் கை தானாக மரக்கிளையில்... ஸாரி, பனையில் ஏது கிளை? சைக்கிள் ஹேண்டிலில் தொங்கிய சட்டைக்குப் போனது.

அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ போலிருக்கிறது.

'ஏல, தம்பிக்கு ஒரு பட்டை பிடிச்சுக் குடு' என்றார், எதுவும் நடக்காத மாதிரி. பனையோலையை மடக்கிப் பட்டை பிடித்துக் கொடுத்தேன். அதில் பதனியை ஊற்றி, மாங்காயைச் சீவிப் போட்டார் அப்பா. சோடா குடித்தான். 'சூப்பரா இருக்குப்பா' என்றான். முந்தின நாள் வரை அங்கிள். இப்போ அப்பா! என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. அம்மாவோடு பேசினான், தங்கச்சியோடு பேசினான், வீட்டு ஆட்டுக்குட்டியோடுகூடப் பேசினான். ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருக்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

'ரெண்டு வருஷமா என் ப்ளேட்ல சாப்பிட்டிருக்க. உங்கப்பா மரம் ஏறுறார்னு தெரிஞ்சா நான் மூஞ்சியத் திருப்பிப்பேன்னு நெனச்சியா? என்னை அவ்ளோ சீப்பாவா நெனச்ச?'

'அப்படி இல்லடா...'

'அதுகூடப் பரவால்ல. அந்த மனுஷன் மூணு நாளா சட்டையோட உட்கார்ந்து வேர்த்து ஊத்தச் சாப்பிட்டார்டா, அவர் வீட்டுல! எனக்காகன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. இனி எனக்கு எப்படிடா சோறு இறங்கும்?'

நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்பாவை நினைத்துக் கூச்சப்படுகிறோம் என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். நண்பனையும் சேர்த்து அவமானப்படுத்தியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. 'இவன் அந்த மாதிரி ஆள்தான்' என்று அவனைக் கேட்காமலே தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

மறுநாள் மதியம் அப்பா அதே வெள்ளைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். பெரிய டயலாக் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை.

'எப்பா, சட்டையைக் கழத்திட்டு உக்காருங்க. புழுக்கமா இருக்கு.'

அப்பா என்னைப் பார்த்தார். சோடாவைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து, 'மீன் கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து' என்றார் அம்மாவிடம். அவ்வளவுதான்.

அப்புறம் ஆறு நாள் அலப்பறை!

சோடா எங்கள் விடிலிக்கே குடிபோய்விட்டான். விடிலி என்றால் பதனி காய்ச்சுகிற ஓலைக் குடிசை. கலயத்துக்குள் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள் என்று அப்பாவைக் குடைந்தான். 'தடவலன்னா புளிச்சுக் கள்ளாயிரும் தம்பி. கூடிட்டா கருப்பட்டி ருசி கெட்டுரும். நாக்குல வச்சாத் தெரியும்' என்றார். சோடா என் காதில், 'மச்சி, ஃபெர்மென்டேஷன் கன்ட்ரோல்டா. நாம அரியர் வச்ச பேப்பர்!' என்றான். பதனி பொங்கி வழிய வந்தபோது அம்மா ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு அடக்கியதைப் பார்த்து வாய் பிளந்தான். எட்டு, பத்து லிட்டர் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். அடுப்பு முன்னால் அரை நாள் நின்று கிண்டியவன், 'சர்க்கரை கலந்த கருப்பட்டி ஏன் சீப்பா கிடைக்குதுன்னு இப்பத்தான் புரியுது' என்றான். உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை அவன்தான் போனில் தேடி அப்பாவுக்கே சொன்னான். 'அப்படியா? வெல கூடுமா?' என்று கேட்டார் அப்பா!

ஒருநாள் மரம் ஏறியே தீருவேன் என்று அடம். தளைநார் மாட்டி, அப்பா கீழே நின்று பிடிக்க, ஆறடி ஏறினான். ஏழாவது அடியில் மரத்தைக் கட்டிக்கொண்டு, 'அப்பா... கண்ணாடி விழுந்துடுச்சு, தரை எங்க இருக்கு?' என்று அலறினான். அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பே அணைந்துவிட்டது. இறங்கியதும் சிராய்த்த நெஞ்சைக் காட்டி, 'எனக்கும் காய்ச்சுப்போச்சு பாருங்க' என்றான். அப்பா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். தேரிக்காட்டுக்கு நடுவில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைக் காட்டியதும் அப்பாதான்.

கிளம்பும்போது அம்மா ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கட்டிக் கொடுத்தாள். ஸ்டேஷனுக்கு அப்பாவும் வந்தார். ட்ரெயின் நகரும்போது சோடா கத்தினான்... 'ராக்கெட் அப்புறம் போகட்டும். தினமும் அறுபது தடவை மேல போயிட்டு வர்ற ஆளு எங்கப்பா!'

'எங்கப்பா'வாம். பத்து நாளில் பங்கு கேட்கிறான்!

இந்த வருஷம் காலேஜ் திறந்ததும் அப்பாவை ஹாஸ்டல் ரூம் வரை கூட்டிப் போனேன். என் கட்டிலில் உட்கார்ந்து தட்டிப் பார்த்துவிட்டு, 'மெத்தை நல்லாத்தாம்ல இருக்கு' என்றார்.

நீங்களும் நண்பனை ஊருக்குக் கூப்பிடுறீங்களா பாஸ்? அனுபவஸ்தன் சொல்றேன், கேட்டுக்கோங்க...

* டூர் பிளான் ரொம்பப் போடாதீங்க. அவன் கடைசியில் ஞாபகம் வச்சிருக்கப் போறது உங்க வீட்டுத் திண்ணையைத்தான்.

* கொசுவலை கண்டிப்பா வாங்கி வைங்க. (என் வீட்டில் இல்லாதது என் அதிர்ஷ்டம்!)

* நைட் கிளப் மேட்டரை முன்கூட்டியே சொல்லிடாதீங்க.

* வீட்டு ஆளுங்க எப்பவும் எப்படி இருப்பாங்களோ, அப்படியே இருக்க விடுங்க. சட்டையே போட வேண்டாம்னாலும் சரி!