ஈரம் போகிற வரைக்கும்

கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, வறுத்துக் காய்ச்சினால் சத்தெல்லாம் செத்துப்போகும் என்று இப்போது எல்லோரும் சொல்லக் கற்றிருக்கிறார்கள். கோயமுத்தூரில் பெண்களுக்கு நடந்த அழகுக்கலைப் பயிற்சி ஒன்றில் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சொன்ன பெண் கெட்டிக்காரிதான், கை சுறுசுறுப்பு, பேச்சும் தெளிவு. கழுவி வைத்த பழைய மஸ்காரா குழாயை எடுத்தாள். கடையில் வாங்கின விளக்கெண்ணெய் கொஞ்சம் ஊற்றினாள். வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்திப் பிழிந்தாள். சோத்துக்கத்தாழை வழவழப்பில் அரை ஸ்பூன், ரோஸ்மேரித் தைலம் இரண்டு சொட்டு. மூடிக் குலுக்கினாள். "இமை முடிக்கு நேச்சுரல் சீரம் ரெடி, அஞ்சே நிமிஷம்" என்றதும் கைதட்டினார்கள். நான் காய்ச்சிக் கொண்டுபோயிருந்த விளக்கெண்ணெய் சீசாவைப் பார்த்து, "அது அந்தக் காலத்துச் சுட்ட எண்ணெய்ங்கம்மா, நிறமே கருத்துக் கெடக்குது பாருங்க" என்றாள். அந்த இடத்தில் நான் ஒன்றும் பேசவில்லை. பதிலை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குழாய்க்குள் நாலு பொருள் சேர்ந்தன. எங்கள் வேலையில் சேர்மானம் என்பதே கிடையாது. தோல், திப்பி, நுரை, தண்ணீர், மண்டி, நூல் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டே போக வேண்டும். எல்லாம் போன பிறகு மிஞ்சுகிறதுதான் கண்ணோரம் வைக்கத் தகுந்த எண்ணெய்.

வறுப்பதைப் பற்றி முதலில். கொட்டமுத்துக்குள்ளேயே எண்ணெயை உடைக்கிற நொதி ஒன்று இருக்கிறது, லைப்பேஸ் என்பார்கள். முத்து நசுங்கி, ஈரமும் பட்டுவிட்டால் அது வேலையைத் தொடங்கிவிடும். எண்ணெய் அமிலமாகிக்கொண்டே போகும். தலைக்குத் தேய்த்தால் தெரியாது, இமை ஓரத்தில் வைத்தால் எரியும். சூடு பட்டால் அந்த நொதி அடங்கிவிடும். பெரிய ஆலைகளில்கூட முத்தைச் சூடுகாட்டித்தான் ஆட்டுகிறார்கள். முத்தில் உள்ள விஷம் வேறு சமாச்சாரம். ரிசின் என்ற அது ஒரு புரதம், எண்ணெயில் கரையாது, திப்பியோடு தங்கிவிடும். அதனால்தான் கொட்டமுத்துப் புண்ணாக்கைக் காட்டுக்கு உரமாகப் போடுவோமே தவிரக் கட்டுத்தரைப் பக்கம் கொண்டுபோக மாட்டோம். கொதிக்கிற தண்ணீரில் அந்தப் புரதமும் கெட்டுப்போகும். ஆக, வறுக்கிறதும் கொதிக்க வைக்கிறதும் சத்தைக் கொல்லும் என்று நினைப்பது முத்தைத் தொட்டே பார்க்காதவர்கள் பேச்சு. நிறம் கொஞ்சம் கருக்கும், அது உண்மை. இமை முடியும் கருப்புத்தானே.

வறுப்பு, இடிப்பு, கொதிப்பு மூன்றும் எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான், விவரிக்க ஒன்றுமில்லை. சாம்பல் நிறத்துக் கூழ் பொங்கிப் பொங்கி எண்ணெய் மேலே திரண்டதும் அகப்பையால் வழித்து வேறு போசியில் சேர்ப்போம். புதிதாகக் கற்கிறவர்கள் இத்தோடு வேலை முடிந்தது என்று சீசாவைத் தேடுவார்கள். என் கணக்கில் வேலை ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான்.

வழித்த எண்ணெய்க்குள் தண்ணீர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. தேங்காய் எண்ணெயாகவோ நல்லெண்ணெயாகவோ இருந்தால் தண்ணீர் தானாகவே அடியில் இறங்கிவிடும், ஏனென்றால் அவை தண்ணீரைவிட நன்றாகவே லேசு. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம் நிற்கும். விளக்கெண்ணெய் 960 கிராம். தண்ணீருக்கும் அதற்கும் எடையில் வித்தியாசம் கொஞ்சம்தான். போதாததற்கு அது ஒட்டுகிற கெட்டி எண்ணெய், தண்ணீர்த் துளி ஒன்று அதற்குள் இறங்க வேண்டுமென்றால் நாள் கணக்காகும். மூன்றாவது சங்கடம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. இந்த எண்ணெயில் 100க்கு 85 முதல் 90 பங்கு வரை ரிசினோலிக் அமிலம். மற்ற எண்ணெய் எதிலும் இந்த அளவுக்கு இல்லாத அந்த அமிலத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. இமை முடியை மெத்தென்று வைத்திருப்பதும் அதே குணம்தான், காய்ச்சுகிறவளைப் படுத்தி எடுப்பதும் அதே குணம்தான்.

தீயைக் குறைத்தால் ஈரம் போகாது. கூட்டினால் எண்ணெய் தீய்ந்து, மூக்கைக் குத்துகிற ஒரு காரல் ஏறும். அந்தக் காரல் ஏறிய எண்ணெய் விளக்குக்குத்தான் ஆகும். நடுவில் இருக்கிற அந்தப் பதம் ரொம்பக் குறுகல்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர். சென்னிமலைப் பக்கம் மஞ்சக்காட்டு வரப்பெல்லாம் கொட்டமுத்துச் செடி நிற்கும். மஞ்சளுக்கு நிழலும் ஆச்சு, புழு மஞ்சளை விட்டுவிட்டு அந்த இலைக்குப் போகவும் ஆச்சு என்று வைப்பார்கள். அமுச்சி எண்ணெய் காய்ச்சினால் பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் சொம்போடு வருவார்கள். அவருக்குக் கடைசிக் காலத்தில் கண் சரியாகத் தெரியாது. ஆனாலும் பதத்தை யாரையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. போசிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காதைச் சாய்த்துக்கொள்வார்.

"கண்ணுல பாக்காத அம்மிணி, காதக் குடு" என்பார்.

நான் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன். நுரை பெரிசாக வரும், சின்னதாகும், அடங்கும். அடங்கினதும் "ஆச்சுங் அமுச்சி" என்பேன். அவர் பதில் சொல்லாமல் பஞ்சைத் திரித்து எண்ணெயில் நனைத்து அடுப்புத் தீயில் காட்டுவார். படபடவென்று வெடிக்கும். "இந்தச் சத்தம் எங்கிருந்து வருது? உம்பட தண்ணிதான் கத்துது" என்பார். மறுபடியும் விறகை இழுப்பார், தள்ளுவார். நுரை அடங்கினதற்கும் ஈரம் போனதற்கும் நடுவில் ஒரு நீண்ட நேரம் இருக்கிறது. போசி சும்மா இருப்பதுபோலத் தோன்றும் நேரம் அது. அடியில் இருந்து ஊசி குத்துவது மாதிரி ஒரு சத்தம் விட்டுவிட்டு வரும், காது கொடுத்தால்தான் கேட்கும். அதுவும் நின்ற பிறகு திரியைக் காட்டினால் சுடர் ஒரே சீராக நின்று எரியும். அப்போதுதான் அமுச்சி எழுந்திருப்பார். அந்த நேரத்தில் வீட்டுக்கு ஒறம்பரை வந்திருந்தாலும் சரி, வாசலில் யார் கூப்பிட்டாலும் சரி, அடுப்படியை விட்டு நகர விடமாட்டார். ஒருமுறை என் மாமா அவசரமாகத் தறிக்காரர் கணக்குப் பார்க்க என்னைக் கூப்பிட்டதற்கு, "கணக்கு பொழுதோட பாத்துக்கலாம், எண்ணெ காத்திருக்காது சாமி" என்று அவரையே திருப்பி அனுப்பிவிட்டார்.

வெண்ணெய் உருக்கும்போது முருங்கைக் கீரையைப் போட்டால் அது முறுகுவதை வைத்துப் பதம் சொல்லிவிடலாம். இதில் அந்த வசதி இல்லை, இமைக்கு என்று காய்ச்சுகிற எண்ணெயில் இலை தழை எதையும் போட விடமாட்டார். கரிசலாங்கண்ணி எண்ணெய் தலைக்கு, அது வேறு போசி.

ஈரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தப் பயிற்சியில் யாரும் கேட்கவில்லை. கத்தாழை வழவழப்பில் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான். அதை எண்ணெயோடு குலுக்கினால் கலந்த மாதிரி இருக்கும், கலக்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறை அலமாரியில் வைத்தால் சில நாட்களில் அதில் கிருமி பிடிக்கும். தினமும் பிரஷ்ஷை இமையில் தேய்த்துத் தேய்த்துத் திரும்ப உள்ளே செருகினால் கேட்கவே வேண்டாம். கத்தாழையை வெட்டும்போது ஒழுகுகிற மஞ்சள் பாலை வடியவிடாமல் எடுத்தால் அதுவும் தோலைக் கடிக்கும். ரோஸ்மேரி மாதிரியான தைலங்கள் இரண்டு சொட்டே ஆனாலும் கண்ணுக்கு எரிச்சல்தான், கண்ணோரத் தோல் உடம்பிலேயே மெல்லிசு. வைட்டமின் ஈ சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பது தோல் டாக்டர்கள் அறிந்த விஷயம். இத்தனையையும் உள்ளே விட்டுவிட்டு, அத்தனையையும் வெளியே எடுத்த எண்ணெயை அழுக்கு என்கிறார்கள்.

ஆறின எண்ணெயைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி அசைக்காமல் வைக்க வேண்டும். மண்டி அடியில் படியும். மேல் எண்ணெயை மட்டும் சாய்த்து எடுத்து வடிகட்ட வேண்டும். இதற்குப் புதுத் துணி கூடாது, எத்தனை சுத்தமாக இருந்தாலும் நூல் உதிரும். பலமுறை துவைத்து நைந்த பழைய கைத்தறி வேட்டிதான் சரி. கண்ணுக்குள் விழுகிற ஒற்றை நூல் ராத்திரி முழுக்க உறுத்தும் என்பதை, கடைத் துணியில் வடிகட்டிய எண்ணெயைப் பூசிக்கொண்டு என்னிடம் வந்தவர்களைப் பார்த்தால் தெரியும்.

பூசுவதிலும் இதே ஒழுங்கு. சோப்புப் போட்டுக் கை கழுவி, விரல் நுனியில் அரைச் சொட்டு எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்து, மூடின இமையின் முடியில் மட்டும் ஒற்ற வேண்டும். கண்ணுக்குள் விடக்கூடாது. லென்ஸ் போடுகிறவர்கள் கழற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். இமை ஓரம் பொடுகு மாதிரி செதிலடித்துச் சிவந்திருந்தாலோ, முடி கொத்தாகக் கொட்டினாலோ என்னிடம் எண்ணெய் கிடையாது. அவர்களை நான் திருப்பித்தான் அனுப்புவேன். 1997 முதல் அவிநாசி ரோட்டில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, சிவானந்தபுரத்தில் சங்கரா இருக்கிறது. தைராய்டு கோளாறிலும் இமை, புருவ முடி கொட்டும். அதற்கு எண்ணெய் பூசிக் காலம் கடத்துவது பாவம். குழந்தைக்கு மை தீட்டச் சொல்லி வருகிறவர்களுக்கும் நெற்றியில், கன்னத்தில், உள்ளங்காலில் பொட்டு வையுங்கள், கண்ணுக்குள் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அமுச்சியும் அப்படித்தான் சொன்னார்.

இமை முடி நீளுமா என்று கேட்காதவர்கள் இல்லை. நீளாது. மேல் இமை முடி பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. ஒவ்வொன்றும் வளர்கிற காலம் ஓரிரு மாதம்தான், அப்புறம் நின்று, உதிர்ந்து, புதிது முளைக்கும். விளக்கெண்ணெய் அந்தக் கணக்கை மாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முடி காய்ந்து பாதியில் ஒடியாமல் இருக்கும், கருகருவென்று தெரியும், மை போட்டுப் போட்டு வறண்ட இமை தளரும். இவ்வளவுதான் நான் சொல்லி விற்றது. நிஜமாகவே நீள வைக்கிற மருந்து ஒன்று உண்டு, பைமடோபிரோஸ்ட். கண் அழுத்த நோய்க்கு வந்த சொட்டு மருந்து அது. போட்டவர்களுக்கு இமை முடி நீளுவதைப் பார்த்து, 2008 டிசம்பரில் அமெரிக்காவில் அதற்கென்றே அனுமதி கொடுத்தார்கள். இமைத் தோல் கருக்கலாம், சிலருக்குக் கண்மணியைச் சுற்றிய நிறமே பழுப்பாக மாறலாம். டாக்டர் சீட்டோடு போட வேண்டிய மருந்து. ஐந்து நிமிஷ சீரத்தை அதற்கு ஈடாகச் சொல்கிற பேச்சைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

மருத்துவம் இந்த எண்ணெயை ஒதுக்கிவிடவும் இல்லை. வறண்ட கண்ணுக்குக் கொடுக்கிற சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தில், 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதிலேயே, மருந்தைத் தாங்கி நிற்பது விளக்கெண்ணெய்தான். அது கிருமி நீக்கி, அளந்து, தொழிற்சாலையில் சுத்திகரித்த எண்ணெய். அந்த அளவுக்குச் சுத்தம் செய்ய எங்கள் அடுப்படியில் வழியில்லை, அதனால்தான் கண்ணுக்குள் வேண்டாம் என்கிறேன். சுத்தமே மருந்தாகிற இடத்தில் சுத்தம் செய்கிற வேலையைப் பழசு என்று தள்ளுவது எப்படி நியாயமாகும்?

இன்றைக்குக் கோயமுத்தூரில் ராஜ வீதி முதல் ஆன்லைன் வரைக்கும் எங்கு கேட்டாலும் சீசாவில் கோல்ட் பிரஸ்ட் என்றுதான் எழுதியிருக்கிறது. முத்து எப்போது அறுத்தது, எத்தனை மழை பட்டது என்று எழுதியிருப்பதில்லை. இந்தியாவில் விளைகிற கொட்டமுத்தில் பெரும்பங்கு குஜராத்தில் இருந்து வருகிறது. நம் பக்கம் சேலம், நாமக்கல் காடுகளில் இன்னும் உண்டு. ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் பொடக்காளியில் இரண்டு செடி வைத்திருந்த வீடுகள் அதைப் பிடுங்கிவிட்டுக் கார் நிறுத்த சிமென்ட் போட்டுவிட்டன. சந்தையில் வாங்கினால் போன வருஷ முத்தும் இந்த வருஷ முத்தும் கலந்தே கொடுக்கிறார்கள். பழைய முத்தில் காய்ச்சின எண்ணெயில் எத்தனை நேரம் காது கொடுத்தாலும் அமிலம் போகாது. உரலில் இடிக்கக் கூலிக்கும் ஆள் இல்லை. மிக்ஸியில் அரைத்தால் விழுது சூடாகி ஜாரில் ஒட்டுகிறது. அந்த ஜாரை அப்புறம் சமையலுக்கு எடுக்கவும் கூடாது.

அந்தப் பயிற்சிப் பெண் பிறகு ஒருநாள் எனக்குப் போன் செய்து, "உங்க அளவெல்லாம் எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்ங்கம்மா" என்று கேட்டாள். அளவு என்று எழுத ஒன்றுதான் இருக்கிறது, முத்தைப் போல நாலு பங்கு தண்ணீர். மீதியை எழுதிக் கொடுக்க முடியாது. மாசியில் புது முத்து வரும், விடிகாலையில் அடுப்பு மூட்டுவோம், வா கண்ணு என்றேன். ஒரு மணி நேரத்தில் முடியுமா என்று கேட்டாள். முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.