முதல் நாளே முழுதாக வேண்டியதில்லை

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பியதும் நடை தானாகக் குறைந்துவிடும். ஸ்கூட்டர்களும் அட்டைப்பெட்டி சுமப்பவர்களும் கேபிள் கட்டுகளைத் தோளில் மாட்டியவர்களும் அந்த ஒடுக்கமான தெருவைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பேர்போன இடம் இது. இப்போது கல்லூரி திறக்கும் காலம் வந்தால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் அவர்களுடைய அப்பாக்களும் கணினி தேடி இங்கே கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். கட்டணம், ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் போக மிஞ்சியது அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். பல வீடுகளில் அது 20,000 ரூபாயைத் தொட்டாலே பெரிய விஷயம்.

“என்ன பட்ஜெட் சார்?” என்றுதான் கடையில் பேச்சு தொடங்கும். தொகையைச் சொல்லிவிட்டால் அதற்கேற்ற பெட்டியைக் கடைக்காரரே தீர்மானித்துவிடுவார். அதற்கு முன்னால் மாணவர் தனக்குள் தெளிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. படிப்பு முடியும்வரை இந்தக் கணினியில் என்னென்ன ஓடப்போகிறது? பி.காம். மாணவருக்கு டேலியும் எக்செல்லும் ஓடினால் போதும். சி, பைத்தான் பழகுபவர் 8 ஜிபி ராமோடு தாராளமாகத் தொடங்கலாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறக்கும் நாளில் 16 ஜிபி தேவைப்படும். முப்பரிமாண வரைபடங்களோடு மல்லுக்கட்டும் இயந்திரவியல், கட்டடக்கலை மாணவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு ஒரு கட்டத்தில் தனி கிராபிக்ஸ் கார்டு தேவைப்படலாம்.

கைக்கு அடக்கமான லேப்டாப்பை விட்டு டெஸ்க்டாப்பைத் தேடுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய அன்று இருந்ததுதான் கடைசிவரைக்கும். டெஸ்க்டாப்பின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ராமுக்கு இடம், டிஸ்க்குக்கு இடம், கார்டுக்கு இடம் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆகவே எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கியாக வேண்டியதில்லை. பிற்பாடு மாற்ற முடியாதவற்றில் இப்போது பணத்தைப் போடலாம். மாற்றக்கூடியவை அடுத்த செமஸ்டர்வரை காத்திருக்கும்.

அந்த 20,000 ரூபாய்க்குள் உருப்படியாகக் கிடைப்பது பெரும்பாலும் ரீஃபர்பிஷ்டு பெட்டிதான். பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் கணினிகளைக் கூண்டோடு மாற்றுகின்றன. அப்படி வெளியே வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகளைச் சுத்தம் செய்து, எஸ்எஸ்டி மாட்டி விற்கிறார்கள். நாள் முழுக்க அலுவலகத்தில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை என்பதால் இவற்றின் உடம்பு கெட்டி.

“ஐ5 தம்பி, தைரியமா எடுத்துட்டுப் போ” என்பார் கடைக்காரர். இன்டெல் ப்ராசசர்களில் ஐ5 என்பது வெறும் குடும்பப் பெயர். அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. 2015-இல் வந்த ஐ5-6500 ஆறாம் ஜெனரேஷன், 4 கோர். 2018-இல் வந்த ஐ5-8500 எட்டாம் ஜெனரேஷன், 6 கோர். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் ஏற்கும் இன்டெல் ப்ராசசர்களின் பட்டியல், ஒருசில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் ஜெனரேஷனில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ்தான் வேண்டும் என்பவர் ஆறு, ஏழாம் ஜெனரேஷன் பெட்டியை விலை குறைவு என்று எடுத்தால் பின்னால் சங்கடப்படுவார். லினக்ஸில் வேலை செய்யத் தயாராக இருப்பவருக்கு அதே பெட்டி நல்ல வாய்ப்பு. உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டும் இலவசம்; நிரல் எழுதப் பழக இதைவிடத் தோதான இடம் இல்லை.

பெட்டியின் அளவிலும் கவனம் வேண்டும். மேசையில் அழகாகப் படுத்திருக்கும் சிறிய ரகத்துக்குள் உயரமான கிராபிக்ஸ் கார்டு நுழையாது. மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் அதன் இணைப்பும் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. சந்தையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி மாட்டிவிட முடியாது. என்றாவது ஒருநாள் கார்டு போடும் எண்ணம் உள்ளவர் டவர் ரகத்தை எடுப்பதே சரி. இன்னும் கொஞ்சம் பணம் புரட்ட முடிந்தால் ரைசன் 5 5600ஜி போன்ற ப்ராசசரை வைத்து அசெம்பிள் செய்யலாம். 2021-இல் வந்த இதற்குள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருப்பதால் தனிக் கார்டைத் தள்ளிப்போட முடியும். அப்படிச் செய்பவர் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. மட்டமான எஸ்எம்பிஎஸ் பழுதாகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் காவு வாங்கிவிடக்கூடும்.

ராம் விஷயத்தில் காலம் மாறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிச் சுருட்டியதில் 2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை மளமளவென்று ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தன் க்ரூஷியல் வியாபாரத்தை விட்டு விலகப்போவதாகவே அறிவித்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பெல்லாம் தள்ளிப்போட்ட ராம், இப்போது பெட்டியோடு எவ்வளவு வருகிறது என்று பேரம் பேச வேண்டிய பொருளாகிவிட்டது.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே பெட்டியை ஓடவிட்டுப் பார்ப்பதில் தயக்கம் கூடாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்க்கின் ஆரோக்கியமும் அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மறுபடி போடும்போது தேதி பழைய வருஷத்துக்குப் போய்விட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மதர்போர்டில் நாணயம் போல் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் போதும். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். இந்த அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கும். மானிட்டரோடு பொருந்தும் கேபிளைக் கையோடு வாங்காவிட்டால் விழுப்புரத்துக்கோ வேலூருக்கோ கொண்டுபோன பெட்டி சும்மா உட்கார்ந்திருக்கும். பில் இல்லாமல் விலையைக் குறைக்கிறேன் என்றால் மறுத்துவிடுவது நல்லது. சீரியல் எண் எழுதிய பில் கையில் இல்லாமல் வாரண்டி கேட்டு வாதாட முடியாது.

இத்தனையும் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை தானாகத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. எந்தப் பாடத்துக்கு எந்த மென்பொருள் வேண்டும், அது ஓட எவ்வளவு ராம் வேண்டும், எந்த வருஷத்தில் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படும், ஆட்டோடெஸ்க் போன்ற நிறுவனங்கள் மாணவர்களுக்கு எவற்றை இலவசமாகத் தருகின்றன என்பதெல்லாம் ஒவ்வொரு கல்லூரித் துறைக்கும் தெரியும். அதை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, சேர்க்கை ஆணையோடு கொடுத்தால், பட்ஜெட் எவ்வளவு என்று கடைக்காரர் கேட்கும்போது அப்பா அந்தத் தாளை முதலில் நீட்டுவார்.