ஒரு ரூபாய்ச் சக்கரம்

இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1949இல் ஒரு டிராக்டரையும், ஜப்பானின் தாமியா 1960இல் யமாட்டோ போர்க்கப்பலையும் சிறு பிளாஸ்டிக் உறுப்புகளாக வார்த்துப் பெட்டியிலிட்டு விற்றன. பின்னர் கார்களும் அவ்வாறே வந்தன. அயோத்தியாப்பட்டணத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் அவற்றைக் கண்டதில்லை. எங்களுக்கு வாய்த்தது நுங்கு வண்டி.

1978ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அண்ணன் அதனினும் பெரியதொன்றுக்குத் துணிந்தார். வாரந்தோறும் சேலத்திலிருந்து வரும் மருத்துவரின் அம்பாசடர் காரை, ஓட்டுநர் புளியமரத்தடியில் உறங்கும் வேளை பார்த்து அளந்தார். இளையவர்களாகிய நாங்கள் இருவரும் சணற்கயிற்றின் முனையைப் பிடித்தோம். நீளம் 14 அடி 2 அங்குலம். அகலம் 5 அடி 5 அங்குலம். அடிக்கு அரை அங்குலமெனக் குறைத்தால் 7 அங்குலக் கார்! மேனாட்டார் கைக்கொள்ளும் 24இல் ஒரு பங்கு அளவு அதுவே என்பது எங்களுக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

நோட்டுப் புத்தக அட்டை, மைதாப் பசை, அச்சுக்குச் சைக்கிள் கம்பி. காரின் வளைந்த முன்மூக்குதான் எங்களைப் படாத பாடு படுத்தியது. அட்டையை நனைத்துச் செம்பின்மேல் கட்டி உலர்த்தினோம். சக்கரத்துக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவாயிற்று. அன்றைய நாணயத்தின் விட்டம் 28 மில்லிமீட்டர்; கணக்குக்கு ஏறத்தாழச் சரி. மண்ணெண்ணெய் வாங்க அப்பா வைத்திருந்த ரூபாயைத் தேய்ந்த ரப்பர் செருப்பின்மேல் வைத்துக் கோடிட்டு, இரண்டு சக்கரங்களை வெட்டினார் அண்ணன்.

மாலையில் ரூபாயைக் காணோம். கிணற்றடியில் சுண்டி விளையாடித் தொலைத்தவர்கள் நாங்கள். அடி வாங்கியவர் அண்ணன். நாங்கள் வாய் திறக்கவில்லை.

மற்ற இரண்டையும் முதற்சக்கரத்தை வைத்தே வரைந்து வெட்டினார். அவை மயிரிழை பெருத்துவிட்டன. பின்புறம் மாட்டியதால், கார் சற்றே முன்சாய்ந்து நின்றது. அடுத்த ஆண்டு அவர் படிப்பை விட்டு, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்தார். பிறகு அவர் பொம்மைக் கார் எதுவும் செய்யவில்லை.

சென்ற கிறிஸ்துமஸுக்கு அண்ணனின் பேரனுக்குத் தாமியா கார்ப் பெட்டியொன்று வந்தது. நான்கு சக்கரங்களும் ஒரே அச்சு. எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கையில், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விழுங்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டோம்.

"தெரியுமே," என்றார் அண்ணன். "கிணற்றில் விழுந்த சத்தம் எனக்கும் கேட்டதே."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து, பேரனின் சக்கரத்தின்மேல் வைத்துப் பார்த்தார். இக்காலத்து நாணயம் மிகச் சிறியது. சுற்றிலும் டயர் தெரிந்தது.