பாலம் மீண்டது, ஊர் மீளவில்லை

பங்காருபேட்டையில் ரயில் மாறித் தங்கவயலுக்குப் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊரைப் பற்றி இறந்தகாலத்திலேயே பேசுவார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு வந்த பழக்கம். அந்தப் பக்கத்து ஆசாமியான எனக்கு தனுஷ்கோடி அந்நியமாகப் படவில்லை. ஆனால் தங்கவயலுக்கு இன்றும் ரயில் போகிறது. தனுஷ்கோடிக்கு 1964-க்குப் பிறகு போகவேயில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் திறக்கப்பட்ட சாலையில் பேருந்து ஓடுகிறது. இடப்பக்கம் அமைதியான பெண்கடல், வலப்பக்கம் சீறும் ஆண்கடல். நடுவே மணல். பவளக்கற்களால் கட்டிய மாதா கோயிலின் சுவர்களும் ரயில் நிலையத்தின் எச்சங்களும் நிற்கின்றன. பயணிகள் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், சங்கு வாங்குகிறார்கள்.

இது வெறும் மீனவர் குப்பமாக இருந்த இடமல்ல. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு போகலாம். ‘போட் மெயில்’ தனுஷ்கோடியில் இறக்கிவிடும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுகரையில் மறுபடி ரயில். சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், ரயில்வே மருத்துவமனை எல்லாம் இங்கே இருந்தன. மண்டபம் முகாமில் பரிசோதனை முடிந்த தோட்டத் தொழிலாளர்கள் இந்தத் துறை வழியாகத்தான் மலையகம் போனார்கள். அவர்களில் 5,25,000 பேரைத் திருப்பி எடுத்துக்கொள்ள சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தது 1964 அக்டோபர் 30-ல். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவர்கள் கப்பலேறிய துறையே காணாமல் போய்விட்டது.

டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் எழுந்து வந்தது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. புயலில் இறந்தவர்கள் மொத்தம் சுமார் 1,800 பேர் என்பார்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களை யார் எண்ணினார்கள்?

பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட இரும்பு உத்திரங்களைக் கடல் வாரிக்கொண்டு போனது. சீரமைக்க ஆறு மாதம் என்றது ரயில்வே. மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பேற்ற முப்பத்திரண்டு வயது பொறியாளர் ஈ. ஸ்ரீதரன், பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவால் பிரபலமானவர், 46 நாளில் முடித்துவிட்டார். புதிய உத்திரங்களுக்காகக் காத்திராமல் கடலுக்குள் கிடந்தவற்றைத் தூக்கிப் பொருத்தியதுதான் ரகசியம். அவை கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள் மீனவர்கள்.

சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றது. பாலத்துக்கு நாள் குறித்தவர்கள் ஊருக்குக் குறிக்கவில்லை. தனுஷ்கோடி மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980-களில் இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு அதுவும் நின்றது.

புயல் காலி செய்த தீவுக்கு மக்கள் திரும்புவது நடவாத காரியமல்ல. 2017-ல் இர்மா சூறாவளி கரீபியத்தின் பார்புடாவைத் துவம்சம் செய்தபோது தீவின் மக்கள் அனைவரும் பக்கத்து ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே நிலம் ஊருக்கே பொது. அந்த முறையை அரசு மாற்ற முனைந்தபோது மக்கள் நீதிமன்றம் வரை போனார்கள். தனுஷ்கோடி மீனவர்கள் வழக்குப் போடவில்லை. யாரையும் கேட்காமல் திரும்பி வந்து, கீற்றுக் கொட்டகை போட்டு, மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்தார்கள். சுற்றிலும் உப்புநீர் இருக்க, கையால் தோண்டிய குழியில் நல்ல தண்ணீர் ஊறுவதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. ரயில் இப்போதும் ராமேஸ்வரம் வரைதான்.

மாலையானதும் போலீசார் பயணிகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். சங்குக் கடைக்காரர்கள் சிலர் சாமான்களைக் கட்டிவைத்துவிட்டு மணலில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறார்கள்.