தைலம் கிருமியைக் கொல்லும். அதுதான் பிரச்சினையே

நைட் டூட்டி. மணி ரெண்டு இருக்கும். ஒண்ணேகால் வயசுக் குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. வலிப்பு. (ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

மூணு நாளா சளின்னாங்க. உடம்பு லேசா சுட்டது. இந்த வயசுல காய்ச்சலோட வலிப்புன்னா முதல்ல மனசுல வர்றது காய்ச்சல் வலிப்புதான். நானும் அப்படியே நெனச்சேன். ஆக்சிஜன் வெச்சு, மிடசோலம் போட்டதும் வலிப்பு நின்னுச்சு.

"வீட்ல மருந்து ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

அம்மா இல்லைன்னு தலையாட்டினாங்க. பாட்டி சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

குழந்தைகிட்ட நீலகிரித் தைல வாசனை. நெஞ்சுல தேய்ச்சிருப்பாங்கன்னு விட்டிருப்பேன். எங்க சிஸ்டர்தான் குனிஞ்சு பார்த்துட்டு, "டாக்டர், இது வாயிலேருந்து வருது"ன்னாங்க.

அப்புறம்தான் பாட்டி வாயைத் திறந்தாங்க. சர்க்கரையில கலந்து அரை ஸ்பூன் குடுத்திருக்காங்க. "நீலகிரித் தைலம் நுரையீரல் கிருமிகளைக் கொல்வது ஆய்வில் நிரூபணம்"னு வந்த வாட்ஸ்அப் மெசேஜை மகன் படிச்சுக் காட்டியிருக்கார். ஏன் முதல்லயே சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா திட்டுவீங்கன்னு பயமா இருந்துச்சு டாக்டரம்மா."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் பாட்டி மேல இல்ல. ஓபியில கைவைத்தியம்னு ஒருத்தர் வாயெடுத்தாலே நாங்க மூஞ்சியைச் சுளிக்கிறோமே, அது மேல.

சரி, அந்த மெசேஜ் பொய்யா? முழுப் பொய் இல்லைங்க. அதான் சிக்கல்.

லேப்ல ஒரு கண்ணாடித் தட்டுல பாக்டீரியாவை வளர்த்து, நடுவுல தைலம் நனைச்ச சின்னக் காகித வட்டத்தை வைப்பாங்க. மறுநாள் அதைச் சுத்தி கிருமி வளராம ஒரு வெற்று வளையம் தெரியும். கிராம்பு, ஓமம், துளசி, யூகலிப்டஸ் எண்ணெய்கள் எல்லாத்துக்கும் இப்படி வளையம் வந்ததா ஆய்வுகள் இருக்கு. உண்மைதான். பினாயிலை வெச்சாலும் வளையம் வரும்.

எப்படிக் கொல்லுது? கிருமியைச் சுத்தியிருக்கிற சவ்வு கொழுப்பால ஆனது. தைலம் அதுக்குள்ள ஊடுருவி ஓட்டையாக்கிடும். நம்ம செல்லோட சவ்வும் கொழுப்புதான். தைலத்துக்கு இது கிருமி, இது குழந்தையோட மூளைன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. பெனிசிலின் கிருமிக்கு மட்டும் இருக்கிற செல்சுவரைத் தாக்குது. நமக்கு அந்தச் சுவரே கிடையாது. அதனாலதான் அதை ரத்தத்துல ஏத்த முடியுது. தட்டுல கிருமியைக் கொன்ன அளவுக்கு தைலத்தை ரத்தத்துல கொண்டுவரணும்னா, அதுக்கு முன்னாடியே ஆளுக்கு விஷமாயிடும். போதாததுக்கு, சாதாரண சளிக்குக் காரணம் வைரஸ். தட்டுல செத்தது பாக்டீரியா!

அப்போ இதெல்லாம் மருந்தே இல்லையா? யார் சொன்னா? கிராம்பு எண்ணெய்ல இருக்கிற யூஜினாலை துத்தநாக ஆக்சைடோட குழைச்சு பல் டாக்டர்கள் இன்னைக்கும் தற்காலிகமா பல்லை அடைக்கிறாங்க. ஓமத்துல இருக்கிற தைமால் மவுத்வாஷ்ல இருக்கு. 1909-ல ராக்பெல்லர் பணத்துல அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கினப்ப, மாத்திரையாக் குடுத்ததே இந்தத் தைமால்தான். அதையும் வயசுக்குத் தகுந்த மாதிரி அளந்துதான் குடுத்தாங்க. பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அதை விட்டுட்டாங்க.

(இன்னொண்ணு. "நம்ம பாரம்பரியத் தைலம்"னு சொல்ற யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம். வெள்ளைக்காரங்க விறகுக்காக நீலகிரியில நட்டது.)

வீட்டுக்கு வருவோம். நீலகிரித் தைலம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு உயிருக்கு ஆபத்து. அதைவிடக் குறைவாப் போயும் வலிப்பு வந்திருக்கு. இதுக்கு மாற்று மருந்துன்னு ஒண்ணு கிடையாது. கற்பூரம் இன்னும் மோசம், வெறும் ஒரு கிராம்ல குழந்தைகள் இறந்திருக்காங்க. கிராம்பு எண்ணெயைக் குடிச்சா கல்லீரல் கெடும். ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு மூக்குக்குக் கீழ எந்தத் தைலமும் வேண்டாம்.

தவறிக் குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிடும். உப்புத் தண்ணி, பால் எதுவும் வேண்டாம். உடனே 108. பாட்டிலையும் கையோட எடுத்துட்டு வாங்க. என்ன குடுத்தீங்கன்னு முதல்லயே சொல்லிடுங்க. டாக்டர் திட்டினாலும் பரவாயில்ல, சொல்லிடுங்க.

அந்தக் குழந்தை ரெண்டு நாள் வார்டுல இருந்துச்சு. எக்ஸ்ரே சுத்தமா இருந்தது. மூணாம் நாள் டிஸ்சார்ஜ். பாட்டி மட்டும் கடைசியா வந்து, "மிச்சமிருக்கிறத என் முட்டிக்குத் தேய்ச்சுக்கலாமில்ல?"ன்னு தயங்கித் தயங்கிக் கேட்டாங்க.

"தாராளமாத் தேய்ங்க பாட்டி. பாட்டிலை மட்டும் பரண் மேல வைங்க."

"முட்டி வலியோட பரண் ஏறச் சொல்றியே"ன்னு சிரிச்சாங்க.