சுட்ட மண்ணும் பெயர்க்கல்லும்

பிளவக்கல் அணைக்குக் கீழே, மலையடிவாரத்தில், நம் பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்று உண்டு. அங்கிருந்த பழைய ஓட்டுக்கூரைச் சிற்றாலயம் மழைக்கு ஒழுகத் தொடங்கியபோது, புதியதொன்று எழுப்ப எண்ணினோம். பளிங்குத் தரை, உயர்ந்த கோபுரம், வாயிலில் நம் பெயர் பொறித்த கல். மனத்தளவில் எல்லாம் கட்டி முடிந்துவிட்டது. செலவு மதிப்பீட்டை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டினோம். வயல் வேலையிலிருந்து நேரே வந்திருந்த மூதாட்டி ஒருவர் கேட்டார்: "சாமி, நம்ம ஊருச் செங்கல்லுல ஆண்டவர் இருக்கமாட்டாரா?"

நம்மிடம் விடை இல்லை. சில நாள் கழித்து இடைக்காட்டூர் சென்றோம்.

சிவகங்கை மாவட்டத்தில், வைகைக் கரையை ஒட்டிய சிற்றூர் அது. 1894இல் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு பெர்டினாண்ட் செல் அடிகளார் அங்கே திருஇருதய ஆலயத்தை எழுப்பினார். பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயமே அதற்கு முன்மாதிரி. 1211இல் தொடங்கப்பெற்ற அப்பேராலயம் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அரசர்கள் முடிசூடிய இடம். அடிகளாரோ செங்கல்லையும் ஓட்டையும் நம்பினார். 153 வகை அச்சுகளில் அவை வார்க்கப்பட்டன என்பர். உயிர்த்த ஆண்டவரின் சொற்படி சீடர்கள் வலைவீசிப் பிடித்த மீன்களின் தொகையும் 153 என்பதை யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் கூறுகிறது.

வடிவம் அவர் நாட்டினது; மண் நம்முடையது. இரண்டும் சூளையின் தீயில் ஒன்றாயின. வாக்கு மனுவுருவானதைக் குருமடத்தில் ஆண்டுக்கணக்காகப் பயின்றோம். ஆயினும், ஒரு பிடி மண்ணை இகழாது ஏற்பதே அம்மறைபொருளின் தொடக்கம் என்பதை அச்சுவரின் முன் நின்றபோதுதான் உணர்ந்தோம்.

1914இல், முதல் உலகப் போரின் குண்டுவீச்சில் ரெய்ம்ஸ் பேராலயத்தின் கூரை எரிந்தது. மீண்டும் அது முழுமையாகத் திறக்கப்பட 1938 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அரசர்களின் ஆலயம் பாழ்பட்டுக் கிடந்த அக்காலத்திலும், வைகைக் கரையில் உழவர் பெருமக்கள் வழக்கம்போல் முழந்தாளிட்டிருப்பர். கல்லாயினும் செங்கல்லாயினும், மன்றாடும் மக்களே ஆலயத்தின் உயிர் அல்லவா?

ஊர் திரும்பியதும் மதிப்பீட்டைக் கிழித்தோம். அக்கம்பக்கத்துச் சூளையிலிருந்து செங்கல் வந்தது. பகலெல்லாம் கூலிக்கு உழைத்தவர்கள் இரவில் நிலவொளியில் கல் சுமந்தார்கள். மூதாட்டியும் தம் பங்குக்கு ஒரு குடம் தண்ணீர் சுமந்து வந்தார்.

பெயர்க்கல்லுக்கென விட்டிருந்த இடம் மட்டும் சுவரில் வெறுமையாய் நின்றது. அதை விட்டுக்கொடுப்பது, உண்மையைச் சொல்வதானால், பளிங்கை விட்டுக்கொடுத்ததைவிடக் கடினமாயிருந்தது. இப்போது அது விளக்கு மாடம். சனிக்கிழமை மாலைதோறும் அந்த மூதாட்டியே அதில் எண்ணெய் வார்க்கிறார். நம் பெயரைத் தாங்கியிருக்க வேண்டிய இடம் அன்னையின் திருவுருவத்திற்கு ஒளி தருகிறது. அதுவே அதற்குத் தகும்.