தங்கவேண்டியதில்லை

மெக்சிகோ நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய தாய் ஒருத்தியைக் கற்பனை செய்து பார்ப்போம். அவளுடைய குழந்தை மருத்துவமனையில் படுத்திருக்கிறது. இரவு நெருங்குகிறது. களைத்துப்போன அவள் முகத்தைக் கண்ட தாதி, பரிவோடு, "யூ டோன்ட் ஹேவ் டு ஸ்டே" என்கிறாள். 'தங்கவேண்டியதில்லை, விருப்பமாயின் தங்கலாம்' என்பதே அதன் பொருள். தாயோ, 'தங்கக்கூடாது' என்று விளங்கிக்கொண்டு, கண்ணீரோடு வெளியேறுகிறாள்.

அவள் தாய்மொழியாகிய ஸ்பானிய மொழியில் கடமையை உணர்த்த 'தெபேர்', 'தெனேர் கே' என்னும் இரண்டும் பெருவழக்காக உள்ளன. 'தெனேர் கே' எதிர்மறையில் வரும்போது, 'கட்டாயமில்லை' என்று பொருள்படும். பேச்சில், இடம் நோக்கி, 'அப்படிச் செய்யலாகாது' என்னும் கண்டிப்பையும் தரும். ஆங்கிலமோ இங்கே நெகிழ்ந்து கொடுப்பதில்லை. உடன்பாட்டில் 'மஸ்ட்', 'ஹேவ் டு' ஆகிய இரண்டும் ஏறக்குறைய ஒரு பொருளனவே. எதிர்மறையில் அவை வேறு வேறு திசையில் பிரிந்துவிடுகின்றன: 'மஸ்ட் நாட்' தடை, 'டோன்ட் ஹேவ் டு' கட்டாயமின்மை. 'இரண்டும் ஒன்றே' என்று முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், இடர்ப்பாட்டின் வித்தையும் அன்றே ஊன்றிவிடுகிறார்.

தமிழ் மாணவர் இவ்விடத்தில் பேறு பெற்றவர். 'செய்யக்கூடாது', 'செய்யவேண்டியதில்லை' என்று தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் அறிவுரைக்கும் ஆணைக்கும் 'வேண்டும்' என்னும் ஒரு சொல்லையே ஆளும் நாமும், ஸ்பானியரைப் போலவே மற்றோரிடத்தில் இடறுகிறோம். 'தெபெஸ்' என்பது அறிவுரையாகவும் வரும், கடமையாகவும் வரும். அதனை அப்படியே 'மஸ்ட்' ஆக்கி, "யூ மஸ்ட் ரெஸ்ட்" என்று மேலதிகாரியிடம் அன்போடு சொன்னால், அது அதட்டலாக ஒலிக்கக்கூடும். அங்கே பொருந்துவது 'ஷுட்'. ஸ்பானிய மொழியிலும் அதற்கு நேரான மென்மையான வடிவம் உண்டு: 'தெபெரீயாஸ்'. மாணவர் நாவில் உள்ள அச்சொல்லிலிருந்தே பாடத்தைத் தொடங்குவது நலம்.

'மஸ்ட் டு கோ' என்னும் பிழை அத்துணைக் கொடியதன்று. 'இர்' என்னும் ஒரு சொல்லுக்குப் பாடநூல் 'டு கோ' என்று பொருள் எழுதிவைக்க, மாணவர் அதை முழுதாகவே எடுத்தாளுகிறார். எழுதியவாறே ஒலிக்கும் மொழியிலிருந்து வந்தவர், 'ஷுட்' என்பதில் ஊமையாய் நிற்கும் எழுத்தையும் ஒலிப்பார். இவை பழகப் பழகத் திருந்தும். கேட்போரும் பொருளைப் பிறழ உணரமாட்டார்.

எதிர்மறை அப்படியன்று. அதற்கு இலக்கண அட்டவணை மட்டும் போதாது. கரும்பலகையில் அவ்விரு தொடர்களையும் அருகருகே எழுதி, ஒவ்வொன்றையும் சுட்டி, "தாதி இப்படிச் சொன்னால், அன்றிரவு அத்தாய் எங்கே உறங்கலாம்?" என்று ஆசிரியர் வகுப்பைக் கேட்கட்டும்.